மெஷினுக்கு முன்னால் நடப்பவர்

நெய்வேலியில் என் முதல் காபியைத் தவறான வீட்டில் குடித்தேன்.

ஆட்டோக்காரர் இறக்கிவிட்ட தெருவில் எல்லா வீடுகளும் ஒரே அச்சில் வார்த்தவை. அதே கேட், அதே கம்பி ஜன்னல், அதே மாமரம், மாமரத்தடியில் அதே ஸ்கூட்டர். நான் வேகமாக நடக்கிறவன். வேகமாக நடப்பவனுக்கு வீடுகள் இன்னும் வேகமாக ஒன்றாகிவிடும். கதவு திறந்திருந்தது. செருப்பை உதறி, பையை வைத்து, "வசந்தி, தண்ணி" என்று நாற்காலியில் சாய்ந்தேன். தண்ணீர் வந்தது. கொண்டுவந்தவர் என் தங்கை வசந்தி இல்லை.

பதறி எழுந்தேன். அந்த அம்மாள் பதறவில்லை.

"இருக்கட்டும், உக்காருங்க. இங்க அடிக்கடி யாராச்சும் இப்படி வந்துருவாங்க. எங்க வீட்டுக்காரரே நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூக்கக் கலக்கத்துல அடுத்த தெருவுல போயிப் படுத்துட்டாரு. அந்த வீட்டு அக்கா போர்வை போத்திவிட்டுட்டு எனக்கு ஆள் அனுப்புச்சாங்க. காபி கொதிக்கி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

பேச்சில் திருநெல்வேலி இருந்தது. காபியிலும். எங்கள் கோயம்புத்தூரில் காபியில் தண்ணீர் கலந்துவிட்டால் உறவையே முறித்துக்கொள்வோம். இது தண்ணீர்க் காபிதான். ஆனால் வெந்நீரில் ஊறிய அன்பு என்று ஒன்று இருக்கிறதே.

"குணா சார் வீட்டுக்கா வந்தீக? அடுத்த தெரு, இதே வரிசை." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவுகளை வெளிய பாத்து ரொம்ப நாளாச்சு. கல்யாணம் நல்லபடியா நடக்கணும். நீங்க தாய்மாமனா? நல்லதாப் போச்சு."

நல்லதாகப் போகுமா என்பது எனக்கே தெரியாமல்தான் வந்திருந்தேன்.

*

வசந்தி அடுக்களையில் பலாக்கொட்டைகளின் வெள்ளைத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். வைகாசி. பண்ருட்டிப் பக்கமெல்லாம் பலா வெடித்து மணக்கும் மாதம். குணாவின் அண்ணன் காடாம்புலியூரில் இருந்து அனுப்பிய பழங்கள் பின்கட்டில் யானைக்குட்டிகள் மாதிரி படுத்திருந்தன. வீடு முழுக்க அந்த மணம். கல்யாண வீட்டு மணம்தான். ஆனால் வீட்டில் சத்தம் இல்லை.

"உள்ள இருக்காரு" என்றாள். "நீங்க வேகமாப் போய் நிக்காதீங்க அண்ணா. கதவு படார்னாலே இப்ப திடுக்குனு ஆவுதுங்குறாரு."

தங்கை கணவர் குணசேகரன் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர். போன கார்த்திகையில், மழையில், ஷிப்ட் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவருக்கு மூச்சு அடைத்தது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல் இருந்ததாம். சாகப் போகிறோம் என்று எழுந்து கத்தி, ஓடும் பஸ்ஸை நிறுத்தி, சேற்றில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். இதயத்தைப் படம் பிடித்தார்கள். இதயம் பத்தரைமாற்றுத் தங்கம். பிறகு கடலூரில் ஒரு மனநல மருத்துவர், இது பதற்ற நோய், மாத்திரையோடு நடையும் வேண்டும், சீராகும் என்று சொல்லி அனுப்பினார். கொஞ்சம் சீரானது. தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கியது. ஆனால் எந்த வண்டியிலும் ஏற முடியவில்லை. வீட்டு கேட்டைத் தாண்டினால் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. லீவில் இருக்கிறார்.

மகள் கயல்விழிக்கு வரும் திங்கட்கிழமை கல்யாணம். டவுன்ஷிப்பில் இது ஒரு வழக்கம்: அப்பா சர்வீஸில் இருக்கும்போதே, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும் முன்பே, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும். அதற்கேற்ற வரன் வந்தது, நாள் குறித்தார்கள். மண்டபம் டவுன்ஷிப்பின் இன்னொரு கோடியில். தாரை வார்க்க அப்பாவின் கை வேண்டும்.

"முடியலன்னா காடாம்புலியூர் அண்ணனும் அண்ணியும் வார்க்கட்டும்னு சொல்லிட்டாரு." வசந்தி ஒரு கொட்டையை வெகுநேரம் உரித்தாள். "சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கினாரு. கயலு எங்கிட்ட மட்டும் அழுவுது. அவர் முன்னாடி சிரிச்சிகினு இருக்குது. நீங்கதான் எதுனா பேசி..."

தங்கையின் பேச்சில் இப்போது கடலூர் மாவட்டம் பாதி. வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவள் சொல்ல வந்தது புரிந்தது. அண்ணன் எழுதுகிறவன், பேசத் தெரிந்தவன். ஆனால் உண்மை வேறு. நான் நிற்கத் தெரியாதவன். ஒரு வரி எழுதி எழுந்து மொட்டைமாடிக்கு நடப்பவன். டீயை ஆறும் முன் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்பவன். தூங்கப் போனால் நாளைக்குள் ஓடிவிடுபவன். பதற்றத்தை அமர்த்தப் பதற்றத்தையே அனுப்பியிருந்தார்கள்.

*

மறுநாள் காலை, கேட்டுக்குள் இருந்த சிமெண்ட் தரையில் வசந்தி கோலப்பொடியால் பெரிய எட்டு ஒன்று போட்டாள். எட்டு வடிவத்தில் நடந்தால் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். முந்தின நாள் முழுதும் அறைக்குள்ளேயே இருந்த குணா வந்து நின்றார். நன்றாக இளைத்திருந்தார்.

"வாங்க மச்சான். வேடிக்கை பாருங்க. பரோட்டா மாவு மாதிரி நானே என்னைச் சுத்திக்கிறேன்."

நடந்தார். முதல் சுற்று நிதானம். இரண்டாவதில் கால் வேகம் பிடித்தது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற வேகம். எட்டின் இடுப்பில் திரும்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"வேகமா நடந்தா நெஞ்சு அடிக்குது மச்சான். நெஞ்சு அடிச்சா, அது வந்துடுச்சோன்னு பயம். பயந்தா இன்னும் அடிக்குது."

"மெதுவா நடங்க மாப்ள."

"டாக்டரும் அதைத்தான் சொன்னாரு. காலை மட்டும் பாருங்க, தரையில படறதைப் பாருங்கன்னு. மெதுவா நடந்தா, எங்க போறோம்னு மனசு கேக்குதே. இந்த எட்டுல எங்க போறது? எலி மாதிரி இருக்குது."

கோலப்பொடியில் அவர் பாதங்கள் எட்டின் ஒரு பக்கத்தை அழித்திருந்தன. வசந்தி தண்ணீர் தெளித்தாள்.

அன்று முழுதும் நான் சும்மா இருக்க முடியாமல் டவுன்ஷிப்பைச் சுற்றினேன். இவ்வளவு மரங்களை எங்கள் ஊர்ப்பக்கம் இப்போது மலைக்குப் போனால்தான் பார்க்கலாம். சாலை நேர்கோடு. நிழல் நேர்கோடு. மெயின் பஜாரில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டேன். பக்கத்து மேஜையில் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த இளைஞன் போனில் சொன்னான்: "அம்மா, பர்மனென்ட் ஆனதும் பொண்ணு பாரு. கான்ட்ராக்ட்ல இருக்கறப்ப பொண்ணு பாத்தா, கல்யாணமும் கான்ட்ராக்ட்டாப் பூடும்." தொண்டையில் இட்லி சிக்கச் சிரித்தேன். அவனும் சிரித்துத் தண்ணீரை என் பக்கம் தள்ளினான்.

*

வழியைக் காட்டியது சுவரில் மாட்டியிருந்த ஒரு போட்டோ.

கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் இருந்தது. பல மாடி உயரத்துக்கு ஓர் இரும்பு உருவம். நுனியில் ராட்டினம் மாதிரி ஒரு சக்கரம், சக்கரம் முழுக்க வாளிகள். சுரங்கத்தில் மண்ணை வழிக்கும் எந்திரம். அதற்கு முன்னால் நாலைந்து ஆட்கள், தலையில் ஹெல்மெட்.

"இதுல நீங்க எங்க மாப்ள?"

"முன்னாடி எறும்பு மாதிரி ஒண்ணு போவுது பாருங்க, அதான்." படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "மார்ச்சிங் அன்னிக்கு எடுத்தது."

ஓரிடத்தில் வேலை முடிந்து அந்த எந்திரத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோவதைத்தான் மார்ச்சிங் என்கிறார்கள். சங்கிலிப் பட்டைகளின் மேல் தானே ஊர்ந்து போகும். எருமை கூட அலுத்துக்கொள்ளும் வேகம். பின்னால் தடித்த மின்சாரக் கேபிளை ஆட்கள் பாம்பு போலத் தாங்கி வருவார்கள். முன்னால் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். மண் இளகியிருந்தால் மெஷின் சாய்ந்துவிடும். அவர் கை காட்டினால் நகரும். விசில் ஊதி இரண்டு கையையும் தூக்கினால் நிற்கும். அந்த விசில் கேட்டால் ஜீப்பு, லாரி, அதிகாரி, யாராக இருந்தாலும் நிற்க வேண்டும்.

அப்படி முன்னால் நடந்தவர் குணா.

"காலைல ஆரம்பிச்சா சாயங்காலம் ஆனாலும் கண்ணுக்கெதிர்ல இருக்கற மேட்டுக்குப் போயிருக்க மாட்டோம். புதுசா வர்ற பசங்க பொறுமை இல்லாம துள்ளுவாங்க. எனக்கு அது புடிக்கும் மச்சான். தலைக்குள்ள ஒண்ணுமே இருக்காது. குதிகாலு வைக்கிறது, மண்ணு எப்படி இருக்குதுன்னு பாக்குறது, அப்புறம் விரலு. பின்னாடி அது மூச்சு விட்டுகினு வரும். எத்தினி டன்னு! ஆனா எங்காலு சொல்றதைக் கேக்கும்."

பேசிக்கொண்டே எழுந்து கூடத்தில் காட்டினார். குதிகால், நிதானம், பாதத்தின் விளிம்பு, விரல். நான் கவனித்தேன்: காலையில் எட்டுக்குள் திணறிய அதே மனிதர், கூடத்தின் நீளம் முழுக்க நடந்து அடுக்களை வாசலில் நின்றபோது சாதாரணமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

"இப்படியே வாசலுக்குப் போலாமா மாப்ள?"

"சும்மாவா? பின்னாடி மெஷின் இல்லாம இந்த மாதிரி நடந்தா பைத்தியக்காரன்னுவாங்க."

"நான் மெஷின்."

அடுக்களையில் வசந்தியின் கரண்டி நின்றது. குணா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களா? உங்களால நிக்கவே முடியாதே மச்சான்."

"அதான் முன்னாடி நீங்க இருக்கீங்களே."

மேஜை டிராயரில் இருந்து கறுப்புக் கயிறு கோத்த விசிலை எடுத்தார். கழுத்தில் மாட்டினார். "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல புடிச்சிகிச்சு" என்றாள் வசந்தி. ஆனால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவைத்தவள் அவள்தான்.

*

மெஷினாக நடப்பது எளிது என்று நினைக்கிறவர்கள் என்னிடம் பேச வேண்டாம்.

முதல் நாள் கேட்டில் இருந்து தெருவோர வேப்பமரம் வரை. என் கால்கள் கட்டிப்போட்ட நாய்கள் போல இழுத்தன. அவர் கை அசைத்தால்தான் ஓர் அடி. தொடை நடுங்கியது. மெதுவாக நடக்கும்போது உடம்பு ஒற்றைக்காலில் நிற்கும் நேரம் அதிகம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் விழாமல் இருப்பதற்காகத்தான் ஓடியிருக்கிறேன் போலும்.

மனசு சும்மா விடுமா? மண்டபத்துச் சாப்பாடு, சீர்வரிசைத் தட்டு, முடிக்காத கட்டுரை என்று முன்னால் பாய்ந்தது. கால் பின்னாலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் மனசு திரும்பி வந்தது. வந்து பாதத்துக்கடியில் உட்கார்ந்தது. அப்போதுதான் தரை தெரிந்தது. தாரின் சூடு. உதிர்ந்த வேப்பம்பூவின் பொடிப்பொடிக் குளிர்ச்சி. ஒரு கட்டெறும்பு எங்களை முந்திப் போனது. அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நடுவில் ஒருமுறை குணா நின்றார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். "வருது மச்சான்" என்றார். ஓடித் தாங்கப் போனேன். அவர் திரும்பாமலே கையைத் தூக்கினார்: நில். நின்றேன். மெஷின் பேசாது. காத்திருந்தோம். அது வந்து, இருந்து, போயிற்று. கை அசைந்தது.

அடுத்த நாள் தெருமுனை. அதற்கடுத்த நாள் முனை தாண்டி டிரான்ஸ்பார்மர். அங்கேதான் பூங்காவனம் அக்கா வந்தார். முத்தாண்டிக்குப்பத்தில் இருந்து வந்து இந்தத் தெருக்களைப் பெருக்குகிறவர். கான்ட்ராக்ட். துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு எங்களையே பார்த்தார்.

"இன்னா சார், எதுனா தொலைச்சிட்டீங்களா? தேடிகினு வர்றீங்களே."

குணா நிமிர்ந்தார். "ஆமாக்கா" என்றார்.

"மோதரமா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"பின்ன? சொன்னாதான தேட முடியும்?" என்று அவரும் குனிந்துவிட்டார். பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். எதிர்வீட்டுக்காரர் கண்ணாடியை எடுத்து வந்தார். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே நாலைந்து பேர் புழுதியைக் கிளறிக்கொண்டிருக்க, நடுவில் நானும் குணாவும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினோம். மாதக்கணக்கில் யாரையும் சந்திக்க அஞ்சியிருந்த மனிதரைச் சுற்றி அன்று ஒரு தெருவே நின்றது. அவருக்கு மூச்சு அடைக்கவில்லை.

*

சனிக்கிழமை மெயின் ரோட்டைக் கடப்பது என்று முடிவு. மண்டபத்துக்குப் போக அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

ரோட்டோரம் வந்தபோது குணாவின் பிடரி வியர்த்திருந்தது. "ஷிப்ட் விடற நேரம்" என்றார். "பஸ் வரும். நம்ம செக்ஷன் ஆளுங்க இருப்பாங்க. அன்னிக்கு என்னைச் சேத்துல பாத்தவங்க."

அவர் பயம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. சாவைவிடப் பெரிய பயம் அந்த ஜன்னல்களில் இருந்தது.

"திரும்பிடலாமா?" என்றேன்.

அவர் குனிந்து ரோட்டைப் பார்த்தார். குதிகாலை ஊன்றினார். கையை அசைத்தார். நான் நகர்ந்தேன். பாதி ரோட்டில் இருக்கும்போது வளைவில் பஸ் வந்துவிட்டது. நான் சற்றுப் பின்தங்கியிருந்தேன். பஸ் எனக்கும் அவருக்கும் நடுவில் பாயும்போல இருந்தது. குணா யோசிக்கவில்லை. விசில் அலறியது. இரண்டு கைகளும் தலைக்கு மேல் எழுந்தன.

பஸ் நின்றது என்றால், ஆணியடித்தது போல நின்றது. ஹாரன் இல்லை. திட்டு இல்லை. பின்னால் வந்த பைக்குகள் நின்றன, ஜீப்பு ஒன்று நின்றது. டிரைவர் கையை ஸ்டியரிங்கில் இருந்தே எடுத்துவிட்டார். ஜன்னல்களில் இருந்து எல்லாத் தலைகளும் வெளியே நீண்டன. அவை குணாவைப் பார்க்கவில்லை. குணாவுக்குப் பின்னால், மரங்களுக்கு மேலே, வானத்தில் எதையோ தேடின. அங்கே மெஷின் வர வேண்டுமல்லவா?

வானத்தில் காக்கை இருந்தது. கீழே நான் இருந்தேன், ஒற்றைக்காலில்.

"யோவ் குணா!" ஜன்னலில் இருந்து ஒரு குரல். "மெஷின் எங்கயா?"

"இதான்" என்று குணா தலையாலேயே என்னைக் காட்டினார்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பிறகு பஸ் குலுங்கியது. அப்படி ஒரு சிரிப்பு. சுரங்கத்தில் இருந்து ஏறி வந்த, கரி ஒட்டிய முகங்களின் சிரிப்பு. "ரொம்ப ஓவர்ஹாலிங் பண்ணணும்பா இதுக்கு!" "ஆயில் மாத்துப்பா!" "கேபிள் எங்க, கேபிளு?"

சிரித்தவர்களில் ஒருவர் மட்டும் இறங்கி வந்தார். நரைத்த மீசை. குணாவின் தோளில் கைவைக்கப் போய், வைக்காமல், பக்கத்தில் நின்றார்.

"எப்படிக் கீற?"

"நடந்துகினு கீறேன்."

"அது போதும்." பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றார். "எனக்கும் ராத்திரில வருதுடா அந்த மாதிரி. யார்கிட்டயும் சொன்னதில்ல. நாளைக்கு மண்டபத்துல பேசுவோம்."

குணா கைகளைத் தூக்கியபடியேதான் நின்றிருந்தார். நான் ரோட்டின் அந்தக் கரையைத் தொடும்வரை அவற்றை இறக்கவில்லை. அதுவரை பஸ்ஸும் நகரவில்லை.

*

ஞாயிறு மாலை பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும். ராகு காலத்துக்கு முன்பே வாசல் தாண்டிவிட வேண்டும் என்று காடாம்புலியூர் அண்ணன் மதியத்தில் இருந்து கடிகாரத்தோடு பேசிக்கொண்டிருந்தார். வெயில் தாழவில்லை. பூ கட்டிய கார் வந்து நின்றது. உறவுக்காரர்கள் வேனில் ஏறினார்கள்.

குணா பட்டுவேட்டியில் வெளியே வந்தார். கழுத்தில் துண்டு. துண்டுக்கடியில் விசில்.

"நீ கார்ல ஏறிடு தம்பி, ரெண்டே நிமிசம், கண்ணை மூடிக்க" என்றார் அண்ணன்.

"நான் நடந்து வரேன்ணா. நீங்க முன்னாடி போங்க."

"பொண்ணு போயிட்டு அப்பன் பின்னாடி வந்தா நல்லா இருக்குமா?"

கயல் கார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா முன்னாடி போகட்டும் பெரியப்பா. கார் பின்னாடியே வரட்டும்."

அப்படித்தான் கிளம்பினோம். முன்னால் குணா. பின்னால் சீர்த்தட்டோடு நான். எனக்குப் பின்னால் மல்லிகைச் சரம் ஆடும் கார். அதற்குப் பின்னால் வேன். கார் டிரைவர் தெருமுனை வரை பொறுத்தார். பிறகு தலையை நீட்டி, "சார், இந்த ஸ்பீடுல போனா கிளட்ச் எரிஞ்சிடும் சார்" என்று கெஞ்சினார். கயல் இறங்கிவிட்டாள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நடந்தாள். அவளைப் பார்த்து வசந்தி இறங்கினாள். வேனில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அண்ணன் மட்டும் கொஞ்சநேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

"மாமா, இப்படித்தான் நடக்கணுமா?" என்று கயல் கிசுகிசுத்தாள்.

"குதிகால் மொதல்ல. பேசக்கூடாது. நாம மெஷின்."

ரவுண்டானா வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஹாரன், ஐஸ்கிரீம் வண்டி மணி. அங்கே குணா நின்றார்.

கை நெஞ்சுக்குப் போனது. பின்னாலிருந்தே தெரிந்தது, தோள்கள் ஏறி இறங்கும் வேகம். எல்லாரும் நின்றோம். கயல் என் முழங்கையைப் பிடித்தாள், நகங்கள் பதிந்தன. அண்ணன் வாயைத் திறக்கப்போனார். வசந்தி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அதுவரை என் தங்கை தன் கணவரின் அண்ணனான அவர் முன்னால் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை.

காத்திருந்தோம். நேரம் கொஞ்சம்தான் இருக்கும். எனக்கு அது ஊருக்குப் போய்த் திரும்பும் தூரமாக இருந்தது. திரும்பிப் போவோம் என்று அவர் சொன்னால், யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

எதிர்ச்சாரியில் புதுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையக் கனகாம்பரத்தோடு, கல்யாணத்துக்கு வந்துகொண்டிருந்த பூங்காவனம் அக்கா எங்களைப் பார்த்தார். கையை வாயருகில் குவித்தார்.

"இன்னா சார்! இன்னமும் கெடைக்கலியா?"

குணாவின் முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. தோள்கள் இறங்கின. நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. இந்தப் பக்கம் நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்டது அது.

"கெடைச்சிடும் போல இருக்குதுக்கா" என்றார்.

குனிந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் குதிகாலைத் தாரில் ஊன்றி, ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். மழையில் நனைந்த சுரங்க மண்ணை எத்தனை தடவை அப்படி அழுத்திப் பார்த்திருப்பார்.

"தாங்கும்" என்றார், யாரிடமோ. கை அசைந்தது. ஒரு கல்யாண வீடு முழுக்க அவருக்குப் பின்னால் நகர்ந்தது.

மண்டப வாசலில் விளக்கு ஏற்றும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். பட்டுப்புடவைகள், தட்டுகள், குழந்தைகள், காடாம்புலியூர் அண்ணன் உட்பட அத்தனை பேரும் அப்படியே நின்றோம். வாசலில் காத்திருந்த சம்பந்தி வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுரங்கத்து ஆட்களுக்கு விளங்கியது. அவர்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் தாரை வார்க்கும்போது குணாவின் கை நடுங்கியது. நடுங்கும் கையிலிருந்தும் தண்ணீர் நேராகக் கீழேதான் போகிறது. கயலின் உள்ளங்கை நனைந்தது. சாப்பாட்டில் பலாக்கொட்டைக் குழம்பும் முந்திரிப் பாயசமும். பந்தி நடக்கும்போதே குணா எழுந்துபோய்ப் பின்பக்க மரத்தடியில் தனியாகக் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தார். மாத்திரையும் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் கடலூர் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும், அதற்கு எப்படிப் போவது என்பது இனிமேல்தான். நரைமீசைக்காரர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரும் காட்டிக்கொள்ள வேண்டுமாம்.

*

நான் கிளம்பும் நாள். பஸ் ஸ்டாண்டு வரை வருகிறேன் என்றார் குணா. தெருமுனை முந்திரி மரம் வரைக்கும் வந்தார். "இன்னிக்கு இங்க போதும் மச்சான்" என்றார். எனக்கும் அது போதும்.

பஸ் வரும் நேரம் நெருங்கிவிட்டது. பழைய நான் என்றால் ஓடியிருப்பேன். ஓடும் பஸ்ஸில் தொற்றி ஏறுவதில் எனக்குக் கல்லூரிக் காலத்துப் பெருமை உண்டு. பையைத் தோளில் மாட்டினேன். திரும்பிப் பார்த்தேன். குணா மரத்தடியில் நின்று, முகத்தை நிமிர்த்தி, கையை அசைத்தார்: வரலாம்.

குதிகால். விளிம்பு. விரல்.

அந்த நேரான சாலையில், அவர் கண்ணுக்கு நான் தெரியும்வரை, வேகமாக நடக்க எனக்கு மனம் வரவில்லை. சாலை மிக நேராக இருந்தது. வெகுதூரத்தில் என் பஸ் ஒரு பச்சைப் புள்ளியாக வந்து, நின்று, புறப்பட்டுப் போவதை நடந்துகொண்டே பார்த்தேன்.